சத்தம் குடு

எனக்கு அந்தச் செட்டைக் கண்டாலே ஆகாது. பார்க்க மொபைல் போன் மாதிரிதான் இருக்கும். ஆனால் அதன் பக்கவாட்டில் கட்டைவிரல் பதிகிற அளவுக்கு ஒரு பட்டன். அதை அழுத்தினால் 'கீக்' என்று சத்தம் வரும். அழுத்தியபடியே பேச வேண்டும், விட்டால் பேச்சு நின்றுவிடும். நம்பர் போடுவது, மணி அடிப்பது, எடுப்பது எதுவும் கிடையாது. ஒருவர் பேசினால் குரூப்பில் இருக்கிற எல்லோர் செட்டிலும் அது அப்படியே வந்து கொட்டும். அவர் பட்டனை விடுகிறவரை மற்றவர்கள் எத்தனை அழுத்தினாலும் பிரயோஜனமில்லை, கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் இரண்டாயிரங்களின் நடுவில் இதை வாங்கி டிரைவர்கள் கையில் எல்லாம் கொடுத்தார்கள். டிஸ்பாட்ச் என் பொறுப்பு என்பதால் எனக்கும் ஒன்று வந்தது.

அதுவரை எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாமல் திட்டிக்கொண்டிருந்தேன். செட் வந்தபிறகு தெரிந்துகொண்டே திட்டினேன். வண்டி சூளகிரியில் டீக்கடையில் நிற்பதும் தெரிந்தது, டிரைவருக்கு வயிறு சரியில்லை என்பதும் தெரிந்தது, அவன் மச்சினன் கல்யாணத்தில் சாம்பார் தீய்ந்ததும் தெரிந்தது. நான் கோபக்காரன். அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆள், எங்கள் ஊர்ப் பேச்சே சண்டை போடுவது மாதிரி இருக்கும் என்பார்கள். நான் பட்டனை அழுத்திக் கத்த ஆரம்பித்தால் கிருஷ்ணகிரிவரை எல்லா வண்டியிலும் என் குரல்தான். நடுவில் யாரும் பதில் பேச முடியாது. அந்த ஒரு வசதிக்காக மட்டும் செட்டைக் கொஞ்சம் பிடித்திருந்தது.

ஒரு குறை உண்டு. எங்கள் கம்பெனி எடுத்திருந்த திட்டம் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான். ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குள் வண்டி நுழைந்தால் கர்நாடகா டவர் இழுத்துக்கொள்ளும், செட் ஊமையாகிவிடும். அதனால் அந்தப் பக்கம் லோடு கொண்டுபோகிறவர்கள் தாண்டும் முன் "கிராஸ் பண்றேன்" என்று சொல்ல வேண்டும், திரும்பியதும் "உள்ள வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவில் குரூப்பில் யார் என்ன பேசினாலும் அவர்களுக்குக் கிடைக்காது. பிறகு எடுத்துக் கேட்கவும் வழியில்லை. பேசியது பேசிய அந்த நிமிஷத்தோடு போயிற்று.

டிரைவர்கள் செட்டுக்கு இன்னொரு உபயோகம் கண்டுபிடித்திருந்தார்கள். வண்டியில் ஏதாவது கோளாறு என்றால், பானெட்டைத் தூக்கி, செட்டை இன்ஜின் பக்கத்தில் பிடித்துப் பட்டனை அழுத்துவார்கள். "சத்தம் குடுக்கறன், கேளுங்க" என்று ஒருவன் சொன்னால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். பெல்ட் என்பான் ஒருவன், பேரிங் என்பான் இன்னொருவன். சாமல்பட்டிக்காரர் என்று ஒரு மூத்த டிரைவர் இருந்தார். அவர் தீர்ப்புதான் கடைசி. பாதி நேரம் அது தப்பாகவும் இருக்கும், ஆனாலும் கேட்பார்கள். யாருக்காவது வண்டி நின்றால் நான் முதலில் நேரத்தைக் கேட்பேன். அவர் முதலில், "சத்தம் குடு" என்பார்.

இன்னொருவன் பாகலூர்க்காரன். சின்ன வயசு, வீட்டில் தெலுங்கு, ரோட்டில் கன்னடம், என்னிடம் மட்டும் தமிழ். ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. அவனுக்கும் எனக்கும் தினமும் ஒரு சண்டையாவது நடக்கும். "வந்துன்னே இருக்கறன் சார்" என்று அவன் சொன்னால் இன்னும் கிளம்பவே இல்லை என்று அர்த்தம்.

எங்களுக்குக் கல்யாணமாகி வெகுநாள் குழந்தை இல்லை. போகாத டாக்டர் இல்லை, வேண்டாத சாமி இல்லை. ஊருக்குப் போனால் எல்லோரும் என் மனைவியின் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள், அதனாலேயே ஊருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டோம். அப்படியிருக்க, ஓசூருக்கு வந்தபிறகு அவளுக்கு நாள் தள்ளிப்போனது. எங்கள் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. அவளுக்கு அம்மா இல்லை, அதனால் தலைப்பிரசவத்துக்கு அனுப்பப் பிறந்த வீடு என்று ஒன்று கிடையாது. பாகலூர் ரோட்டில் வாடகை வீட்டில் பகல் முழுக்கத் தனியாக இருந்தாள். வேலையை விட்டு நின்ற ஒரு டிரைவரின் செட் என் மேஜை டிராயரில் சும்மா கிடந்தது. மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அதை அவளிடம் கொடுத்தேன். "ஏதாவதுன்னா நம்பரெல்லாம் தேட வேண்டாம், இத அமுக்கு, எனக்குக் கேக்கும்" என்றேன். எல்லோருக்கும் கேட்கும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

முதல் நாளே செட்டை இடுப்பில் செருகிக்கொண்டு சமையல் செய்திருக்கிறாள். பட்டன் அழுந்திக்கொண்டது. நான் லோடிங்கில் நிற்கிறேன், அத்தனை வண்டியிலும் என் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிறது. கூடவே அவள் குரல்: "கத்திரிக்கா வாங்கிருக்காரு பாரு, ஒண்ணு விடாமச் சொத்த. கண்ணு எங்கன இருந்துச்சோ!" மறுநாள் காலை முதல் ஆளாகப் பாகலூர்க்காரன் பட்டனை அழுத்தினான். "சார், இன்னிக்கு ஏதும் காய் வாங்கணுமா சார்? நல்லதா பார்த்து எடுத்தாறன்."

மெல்ல மெல்ல அவள் குரூப்பில் ஒருத்தியாகிவிட்டாள். "அண்ணே" என்று எங்கள் ஊர் இழுப்பில் கூப்பிடுவாள், அவர்கள் "சொல்லுக்கா" என்பார்கள். காவேரிப்பட்டினம் பக்கம் போகிறவர்கள் மாங்காய் கொண்டுவந்தார்கள். சாமல்பட்டிக்காரர் தன் கொல்லையிலிருந்து வேர்க்கடலை கொண்டுவந்து, "பாப்பாவுக்கு" என்று சொல்லி என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். பாப்பா என்றால் வயிற்றில் இருப்பதா, என் மனைவியா என்று நான் கேட்டதில்லை. நான் குரூப்பில் யாரையாவது கத்தினால் கொஞ்ச நேரம் பொறுத்து அவள் அழுத்துவாள்: "அண்ணே, அவர் காலையில சாப்பிடாமப் போயிட்டாரு, மனசுல வச்சுக்காதீங்க." அதற்குமேல் நான் எப்படிக் கத்துவது? அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். பிறகு அப்படி இருந்ததில்லை, அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கர்நாடகப் பக்கம் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி எங்கள் பார்ட்ஸை மொத்தமாக ரிஜெக்ட் செய்து வைத்திருந்தது. நேரில் போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கி நல்லதைப் பிரித்துக் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. "போயிட்டு வாங்க, நான் என்ன இப்பவே பெத்துக்கவா போறேன்" என்று அவள்தான் அனுப்பினாள். பைக்கில் கிளம்பினேன். ஜூஜுவாடியில் "கிராஸ் பண்றேன்" என்றேன். "பாத்துப் போங்க" என்று அவள் குரல் வந்தது. அங்கே கேட்டில் செட்டையும் என் சொந்த போனையும் வாங்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கம்பெனி வழக்கம் அது.

மதியத்துக்குமேல் செக்யூரிட்டி ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தார். எங்கள் ஆபீஸிலிருந்து போன் வந்ததாம், மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். கையைக்கூடக் கழுவாமல் கிளம்பினேன்.

அத்திப்பள்ளியில் லாரிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. பைக் நுழைய இடமில்லை. நான் அந்த வெயிலில் பெயர் பெயராக யோசித்துக்கொண்டு வந்தேன். பையனென்றால் ஒன்று, பெண்ணென்றால் ஒன்று. ஜூஜுவாடி வந்ததும் பைக்கை ஓரம் கட்டி, செட்டில் டவர் விழுகிறவரை காத்திருந்து அழுத்தினேன்.

"உள்ள வந்துட்டேன்."

பதில் இல்லை. வாய் ஓயாத குரூப் அது. டவர் இல்லையோ என்று பார்த்தேன், இருந்தது.

"யாராவது சொல்லுங்கப்பா. என்ன கொழந்த?"

யாரும் அழுத்தவில்லை. எனக்குக் கோபம் வந்தது. "எல்லாரும் செத்தா போயிட்டீங்க?" என்று கத்தினேன். கொஞ்சம் கழித்து 'கீக்' என்றது. சாமல்பட்டிக்காரர்.

"சார், பைக்கை மெதுவா ஓட்டிக்கினு வாங்க சார். ஒன்னியும் அவசரம் இல்ல."

என்னை யாரும் அதுவரை மெதுவாக வரச் சொன்னதில்லை. எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். வீட்டில் வலி வந்ததும் அவள் செட்டை அழுத்தி, "யாராவது பக்கத்துல இருக்கீங்களாண்ணே" என்று கேட்டிருக்கிறாள். பாகலூர்க்காரன் பக்கத்தில் இருந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான். வேனிலேயே நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனான். குழந்தைக்கு ஆபத்து என்று அவளுக்கு மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மூச்சு நின்றுபோயிற்று. நான் போனபோது வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். என் மனைவி ஜாடைதான், நெற்றி மட்டும் என்னுடையது. அவளுக்கு இன்னும் மயக்கம் முழுசாகத் தெளியவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் டிரைவர்கள்தான் குழி வெட்டினார்கள். பாகலூர்க்காரன் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

அவள் கண் விழித்து, விஷயம் தெரிந்து, வெகுநேரம் கழித்துக் கேட்ட முதல் கேள்வி, "அழுதாளா?" என்பதுதான்.

எனக்குத் தெரியாது. டாக்டரைக் கேட்டேன். உயிரோடு பிறந்தது, காப்பாற்ற முடியவில்லை என்றார், அழுகையைப் பற்றி அவருக்கு நினைவில்லை. ஒரு நர்ஸ் அழுதது என்றாள். இன்னொருத்தி, குழந்தை ரொம்ப வீக், எங்கே அழுதது என்றாள். வீட்டுக்கு வந்தபிறகும் அவள் அதையே கேட்டாள். சாப்பிடும்போது கேட்பாள். தலை வாரும்போது சீப்பை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

"அது தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"ஒரு சத்தங்கூடப் போடாமப் போயிருந்தா நான் யாரைங்க பெத்தேன்?" என்றாள். "அழுதிருந்தாள்னா வந்திருந்தாள்னு இருக்கும். இந்த ஒலகத்துக்கு வந்துட்டுப் போனவள்னு இருக்கும். நீங்களும் கேக்கல, நானும் கேக்கல. அப்ப என்னதாங்க நடந்துச்சு?"

அவள் அழவேயில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மார்பில் பால் கட்டிக்கொண்டு வலியில் துடித்தபோதும் கண் வறண்டே இருந்தது. நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். அவள் வெளியே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். செட் அலமாரியில் கிடந்தது. சார்ஜ் மட்டும் போட்டு வைப்பாள், அழுத்தமாட்டாள்.

நான் வேலைக்குத் திரும்பினேன். குரூப்பில் பேச்சு சுருங்கிவிட்டது. லோடு ஏறிச்சு, இறங்கிச்சு, கிராஸ், உள்ள. என்மேல் வைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் ஒரு வண்டி கிருஷ்ணகிரி டோல்கேட் பக்கம் நின்றுவிட்டது. இன்ஜினில் ஏதோ அடிக்கிறது என்றான் டிரைவர். நான் பழக்கதோஷத்தில், "சத்தம் குடுறா, கேக்கட்டும்" என்றேன்.

குரூப்பே அடங்கிப்போனது. பிறகு சாமல்பட்டிக்காரர், "வேணாம் சார். நான் அந்தப் பக்கந்தான் வரன். நேர்லயே பார்த்துக்கறன்" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. குழந்தை போன அன்றிலிருந்து ஒருவன்கூடச் சத்தம் கொடுக்கவில்லை. எத்தனை வண்டி நின்றிருக்கிறது, எத்தனை பெல்ட் அறுந்திருக்கிறது, ஒரு இன்ஜின் சத்தத்தைக்கூட நான் செட்டில் கேட்கவில்லை. பாகலூர்க்காரன் லோடிங்கில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். போய், ஏன் என்று கேட்டேன். கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தான். தோளைப் பிடித்துத் திருப்பினேன். அவன் கண்ணில் தண்ணீர். அழுதால் அவனுக்குத் தெலுங்குதான் வரும்.

"பாப்ப ஏட்சிந்தி சார்" என்றான். பிறகு தமிழில் சொன்னான். "பாப்பா அழுதா சார். நான் சத்தம் குடுத்தன்."

ஆபரேஷன் அறையிலிருந்து ஆயாம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து காட்டியிருக்கிறார். சொந்தம் என்று நின்றது அவன் ஒருவன்தான். இவன் என்ன செய்வான்? கையில் செட். குரூப்பில் எல்லோரும் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "சத்தம் குடுக்கறன், கேளுங்க" என்று சொல்லி, குழந்தையின் வாய்ப் பக்கத்தில் செட்டைப் பிடித்துப் பட்டனை அழுத்தியிருக்கிறான். அத்தனை வண்டியிலும் என் மகள் அழுதிருக்கிறாள். நான் எல்லைக்கு அந்தப் பக்கம், என் செட் ஒரு டப்பாவுக்குள். அவள் தாய் உள்ளே மயக்கத்தில்.

அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். "ஏண்டா சொல்லல? இத்தன நாளா ஏண்டா சொல்லல?" என்று உலுக்கினேன். லோடர்கள் ஓடிவந்து விலக்கினார்கள்.

"பெத்தவங்க கேக்கல, நாங்க கேட்டுட்டம் சார். அத எந்த வாயால சொல்றது?" என்றான்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பட்டப்பகலில் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் வயிறு எரிந்தது. யார் யாரோ கேட்டிருக்கிறார்கள், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பீடியைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று வாசல்வரை யோசித்தேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிட்டேன்.

அவள் உள்ளே போனாள், அலமாரியிலிருந்து செட்டை எடுத்தாள், தரையில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள்.

"அண்ணே." செருமிக்கொண்டாள். "நாந்தான். எம்பிள்ள எப்படி அழுதா? சொல்லுங்கண்ணே."

விரலை எடுத்தாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். 'கீக்' என்றது.

"நல்லா அழுதாம்மா" என்றார் சாமல்பட்டிக்காரர். "குந்தாரப்பள்ளி தாண்டி வந்துன்னு இருந்தன். சந்தை நாளு, ரோடெல்லாம் மாடு. வண்டிய ஓரங்கட்டி, இன்ஜின ஆஃப் பண்ணிட்டுக் கேட்டன். மொதல்ல லேசா செருமுனா. அப்புறம் ஒரே மூச்சா புடிச்சிக்கினா. வெறும் அழுகையில்லம்மா, கோவம். நம்ம சார் லோடு லேட்டானா எப்படிக் கத்துவாரு, அந்த மாதிரி. வண்டியில தனியா உக்காந்து சிரிச்சிட்டன் நானு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அவள் உதடு ஒரு பக்கம் இழுத்தது, சிரிப்பதற்கா என்னவோ.

இன்னொருவர் அழுத்தினார். "நானும் கேட்டன்க்கா. சூளகிரில இருந்தன்." அடுத்து ஒருவர், "கணீர்னு இருந்துச்சுக்கா." அடுத்து ஒருவர், அடுத்து ஒருவர். கடைசியில் பாகலூர்க்காரன்.

"அக்கா, பாப்பாகிட்ட நான் சொன்னன்க்கா. அப்பா கேக்கறாரு, சத்தம் குடு பாப்பான்னு சொன்னன். அப்பதான் அவ்ளோ சத்தமா குடுத்தா."

அவன் பட்டனை விட்டான். அவள் அழுத்தினாள். ஏதோ சொல்லத்தான் அழுத்தியிருப்பாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, பிறகு அழுதாள். அன்றிலிருந்து அழாத அழுகை முழுவதும் வந்தது. கையில் செட் இருப்பதே அவளுக்கு நினைவில்லை, விரல் பட்டனில் அழுந்தியபடி இருந்தது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிவரை அத்தனை வண்டியிலும் அது கேட்டுக்கொண்டிருந்திருக்கும். யாரும் நடுவில் பேச முடியாது. விடாமல் அழுத்தினால் செட் தானாகவே துண்டித்துக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் அப்படித் துண்டித்துக்கொண்டது. அவள் மறுபடி அழுத்தினாள்.

நான் அவள் விரலை எடுக்கவில்லை.